ஏழாவது ஒழுக்கு

நவம்பர் 30, ஞாயிறு

இன்று பகல் மூன்று மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், கோயம்புத்தூரில் வங்கியில் இருக்கிற பெரியத்தான் அருளப்பன். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி. வீட்டுத் தரகர் ஒருவர், பேர் சொல்லவில்லை, ஈரக் குடையை உள்ளே கொண்டுவந்து சுவரில் சாய்த்தவர். சிந்தாத்திரையாகிய நான். அடுப்படி வாசற்படியில் என் நாத்தனார் மதலேன். ஆக ஆறு பேர். பெரியத்தான், "நாம அஞ்சு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வருவோம்" என்றார். அவர் மதலேனை எண்ணவில்லை. நான் எண்ணியிருக்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் வந்தார்களாம். நல்ல மழை. கூடத்தில் மூன்று சட்டி, நடையில் ஒரு போணி, சுவரோரம் ஒரு அலுமினியக் கிண்ணம் வைத்திருந்தேன். தரகர் வீட்டைப் பார்க்கவில்லை, சட்டிகளைத்தான் பார்த்தார்.

அப்பா கட்டின வீடுதான், ஆனாலும் இனி இதை வைத்துக்கொண்டு இருப்பது வீண் என்றார் பெரியத்தான். விற்றுவிட்டு நாங்கள் வள்ளியூரில் வாடகைக்குப் போகலாமாம். மதலேனுக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். "நல்லா பாத்துக்கிடுவாக. கையைப் பிடிச்சு நடத்த ஆள் இருக்கு."

மதலேனுக்குப் பதினாலு வயதில் காய்ச்சல் வந்து கண் போனது. இப்போது நாற்பத்தொன்று. நான் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருசத்தில் வீட்டுக்குள் அவள் கையை யாரும் பிடித்துப் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து கிணற்றடிக்குப் பதினேழு எட்டு வைப்பாள். குனிகிற இடத்தில் வாளி இருக்கும்.

"எனக்கு எதுக்கு பெரியண்ணே பிடிக்க ஆளு?" என்றாள்.

"வயசாகுதுல்லாம்மா."

"எனக்கு மட்டுமா ஆகுது?"

தரகர் சிரித்துவிட்டு, பெரியத்தான் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

ஸ்டெல்லா அக்கா என்னிடம், "உங்களுக்கென்ன சிந்தா, பிள்ளையா குட்டியா. ரெண்டு பேரு எங்க வேணா இருந்துக்கிடலாம்லா" என்றார்கள். நான் காபி போடப் போனேன். எல்லா டம்ளரிலும் சீனி போட்டேன், அக்கா டம்ளரில் மட்டும் விட்டுப்போயிற்று.

திரும்பி வந்து நான்தான் கேட்டேன். "அத்தான், ஒழுகுறதுதான் குத்தமா?"

"ஒழுகுற வீட்டுல கண்ணு தெரியாத தங்கச்சிய விட்டுட்டு இருக்கானேன்னு ஊரு என்னைத்தான கேக்கும்."

"ஒழுகலைன்னா?"

சிரித்தார். "சரி. கிறிஸ்மசுக்கு இருபத்திமூணாம் தேதி குடும்பத்தோட வாரேன். இங்கதான் படுக்கேன். ஒரு சொட்டு என் தலையில விழட்டும், தை பிறந்ததும் வித்துருவோம். விழலைன்னா இந்தப் பேச்சை எடுக்கல."

அண்ணன் பேசின நேரமெல்லாம் என் வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இருபத்துமூன்று நாள் இருக்கிறது. ஆண்டவரே, நான் மதலேனுக்காகக் கேட்கவில்லை. அவளால் எனக்கு வேலைதான் கூடுதல். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிற மாதிரி வேறு எங்கேயும் வேகாது, அதற்காகத்தான்.

டிசம்பர் 1, திங்கள்

ஒழுக்குக் கணக்கு எடுத்தேன். கூடத்தில் மூன்று. எங்கள் படுக்கை அறையில் ஒன்று. அடுப்படியில் ஒன்று. நடையில் ஒன்று. கூடத்துக்கும் சாமான் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் வழியாக வழிந்து வருவது ஒன்று. மொத்தம் ஏழு.

ஓடு கணக்கு: வரிசைக்கு 62, ஒரு பக்கம் 18 வரிசை, இரண்டு பக்கமும் சேர்த்து 2232. கீழே இருந்து எண்ணி எண்ணிக் கழுத்து பிடித்துக்கொண்டது.

கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு மூங்கில் சீவி வைத்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. சட்டி கவிழ்த்தது பதினோரு தடவை.

டிசம்பர் 3, புதன். சவேரியார் திருநாள்

பூசை முடிந்து ஓடு மாற்றுகிற சுடலைமுத்து வீட்டுக்குப் போனேன். "மழைக்காலத்துல எந்தக் கிறுக்கன்க்கா ஓட்டு மேல ஏறுவான்? மாசி மாசம் வாரேன்" என்றான். மாசியில் வீடு இருக்கணுமே.

பங்குச் சாமியாரைப் பார்த்தேன். பழைய பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து இறக்கின ஓடுகள் கோயிலுக்குப் பின்னால் கிடக்கின்றன. "அத்தனையும் எடுத்துக்கோங்கம்மா, பாம்பு அடையுது" என்றார். நானும் மதலேனும் ஆளுக்கு ஆறு ஆறாகச் சுமந்தோம். ஒவ்வொன்றையும் கை முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் தூக்கினாள். கணீர் என்றால் "உயிரு." சத்தம் அமுங்கினால் "செத்தது." செத்ததை நான் தெரியாமல் என் அடுக்கில் வைத்தாலும் கண்டுபிடித்து எடுத்துப் போட்டாள். கொண்டுவந்த நல்ல ஓடு 66.

"மைனி, இவ்வளவு சுமக்கியளே, உங்களுக்கு வள்ளியூர் வாடகை வீடு புடிக்காதோ?"

"அங்க தண்ணி உப்புட்டி."

"அதுக்காகவா?"

"பேசாம நட."

டிசம்பர் 5, வெள்ளி

வெயில். கடவுளுக்குத் தோத்திரம். வெயில் அடிக்கிற நாளில்தான் ஒழுக்கைக் கண்டுபிடிக்கலாம். ஓடு விட்டிருக்கிற இடத்தில் காசு மாதிரி வெயில் கீழே விழும். அந்த இடத்தில் ஏணி வைத்து, கீழே இருந்து ஈர்க்குக் குச்சியை ஓட்டை வழியாக மேலே குத்தி நிறுத்த வேண்டும். மேலே ஏறுகிறவர் குச்சி நிற்கிற இடத்தைப் பார்த்து ஓட்டை மாற்றுவார். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சுடலைமுத்து செய்ததை அடுப்படி சன்னல் வழியாகப் பார்த்துப் படித்தது.

குச்சி ஆறு குத்தினேன். ஏழாவதுக்கு வெயிலைக் காணவில்லை. சுவரை மேலும் கீழும் பார்த்தேன். தண்ணீர் கூரைக் கைமரத்தோடு ஓடி வந்து சுவரில் இறங்குகிறது, விழுகிற இடம் வேறு எங்கேயோ இருக்கிறது.

மேலே ஏற ஆள் இல்லை. நானே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏழு படி ஏறினேன். எட்டாவது படியில் பின்னாலிருந்து சத்தம். "இறங்கு."

பள்ளிக்கூடத்து வேலை முடிந்து என் வீட்டுக்காரர் வந்து நின்றார்கள். ஆய்வுக்கூடத்தில் போடுகிற காக்கிக் கோட்டுகூடக் கழற்றவில்லை. "இறங்குன்னு சொல்லுதேன்லா. நான் ஏறுதேன்."

"உங்களுக்குத் தலை சுத்துமே."

"சுத்தட்டும். நீ ஏணியைப் பிடி."

கல்யாணமாகி இருபது வருசத்தில் அவுக மாடிப்படியில்கூட வெளிப்பக்கம் நடந்ததில்லை. இன்றைக்கு மாற்றியது 31 ஓடு. இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி வைத்தார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இரவுக்கு அவுகளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கருவாடு இருந்தது, அதனால்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை. ஆறு இடமும் காய்ந்து கிடந்தது. ஏழாவது மட்டும் சுவரில் இறங்குகிறது. சாமான் அறையின் கூரையில்தான் ஓட்டை இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அங்கே வெயில் விழுகிற நேரத்தில் போய்ப் பார்க்க முடியவில்லை. மதலேன் தினமும் காலை பத்திலிருந்து பத்தரை வரை சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்வாள். செபம் சொல்கிறவர்கள் கதவைத் தட்டக் கூடாது என்று இந்த வீட்டில் சட்டம் போட்டவள் நான்தான். பிற நேரத்தில் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். இருட்டாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 8, திங்கள். அமல உற்பவ மாதா திருநாள்

வெள்ளை அடிக்கச் சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினேன். பானைக்குள் சோறு பொங்குகிற மாதிரி கொதித்தது. நாளை வடிகட்டி நீலம் கலக்க வேண்டும். கேழ்வரகை ஊறவைத்துத் தேங்காய்ச் சிரட்டைகளில் மண் போட்டுத் தூவினேன். பதினாறு சிரட்டை. கிறிஸ்மஸ் குடிலுக்குப் புல் வேண்டும் என்றால் இப்போதே போட்டால்தான் இருபத்துநாலில் விரல் உயரம் வரும். போன வருசம் முந்திப் போட்டு, மாட்டுத் தீவனம் மாதிரி வளர்ந்து மாதாவை மறைத்துவிட்டது.

டிசம்பர் 10, புதன்

கூடம், நடை, வாசல் பக்கம் வெள்ளை அடித்தேன். மூன்று கை பூச்சு. சுண்ணாம்பு பட்டு முழங்கை வரைக்கும் பொத்துப்போய்விட்டது, தேங்காய் எண்ணெய் தடவினேன். மதலேன் சுவரைத் தடவிப் பார்த்து, "மைனி, சன்னலுக்குக் கீழ விட்டுட்டியளே" என்றாள். விட்டிருந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

காலை வெயில். நான் சாமான் அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே "அருள் நிறைந்த மரியே" கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

மத்தியானம் உள்ளி உரித்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே ஆரம்பித்தாள். "மைனி, ஒண்ணு சொன்னா வையாதிய."

"என்ன உடைச்சே?"

"ஒண்ணும் உடைக்கல. நீங்க தேடுத ஓட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

உள்ளியைக் கீழே வைத்தேன்.

"சாமான் அறையில, நெல்லுப் பெட்டி மேல. நாலு வருசமா இருக்கு. பத்து மணிக்கு என் மடியில வெயில் வந்து விழும். பத்தேகாலுக்குக் கைக்கு வரும். பத்தரைக்குப் போயிரும். நான் பெட்டி மேல உக்காந்து அதைப் பிடிச்சுக்கிட்டேதான் மணி உருட்டுவேன். ஓடு மாத்திட்டியன்னா வராதுல்லா."

நாலு வருசம் அந்தச் சுவரில் தண்ணீர் இறங்கி, நான் நாலு வருசம் சுவரைத் திட்டியிருக்கிறேன். வாய் வரை வந்தது. ஆனால் அவள் கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள், இப்போதும் அங்கே வெயில் இருக்கிற மாதிரி.

"இத்தனை நாளு செபமாலைன்னு என்னை ஏமாத்திட்டியேட்டி."

"செபமும் சொன்னேன் மைனி. அம்பத்து மூணு மணியும் சொன்னேன். மாதா மேல சத்தியம்."

"சத்தியம் பண்ணாத. பாவம்."

டிசம்பர் 12, வெள்ளி

அவுகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் சாக்கில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி ஓடு. வள்ளியூரில் இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

இருட்டுவதற்குள் ஏறி, சுற்றிலும் பதினாறு ஓடு மாற்றி, கண்ணாடியை மாட்டியாயிற்று. கீழே மதலேன் நின்றுகொண்டு, "சின்னண்ணே, கொஞ்சம் கிழக்க தள்ளி வைக்க முடியுமா? பதினோரு மணி வரைக்கும் வரும்லா" என்று கேட்டாள்.

"ஏட்டி, இது என்ன ஓட்டலா, கேக்கதெல்லாம் கொண்டாந்து வைக்க?" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. ஆனாலும் ஒரு வரிசை கிழக்கே தள்ளித்தான் வைத்தார்கள்.

ஏழு ஒழுக்கும் அடைபட்டது. மாற்றின ஓடு மொத்தம் 47, கண்ணாடி ஒன்று. சேசுவுக்கே மகிமை.

டிசம்பர் 14, ஞாயிறு

குடில் வேலை. சாக்கில் சாம்பலும் சுண்ணாம்பும் கரைத்துப் பூசி மலை செய்தேன். வைக்கோல் கூரை. முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்க வைத்துக் குளம். இந்த வருசம் பெரியத்தான் வருகிறார் என்று, வழக்கமாக மூலையில் வைக்கிறதை விட்டு, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படட்டும் என்று பெஞ்சை நடைக்குப் பக்கம் இழுத்துப் போட்டேன். மிகவும் எடுப்பாக இருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

மதலேன் விழுந்துவிட்டாள்.

பெஞ்சில்தான். காலையில் கிணற்றடியிலிருந்து நிறைகுடத்தோடு வேகமாக வந்தவள், எப்போதும் வருகிற மாதிரி வந்தாள். அங்கே பெஞ்சு இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். சூசையப்பர் சுரூபத்தின் கை ஒடிந்துவிட்டது. குடம் நசுங்கியது.

"குடிலு என்னாச்சு மைனி?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பெஞ்சைப் பழைய மூலைக்கே தள்ளினேன். சூசையப்பர் கையைப் பசை வைத்து ஒட்டினேன். மதலேனுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன்.

என் எடுப்பு என் தலையில் விழாமல் அவள் தலையில் விழுந்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

பேய் மழை. காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை. நான், அவுக, மதலேன் மூன்று பேரும் ஒவ்வொரு அறையாக அண்ணாந்துகொண்டு நடந்தோம். மதலேன் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை, தலையைக் குனிந்து கேட்டாள். "இல்ல. இல்ல. இங்கயும் இல்ல."

மொத்தம் சொட்டு: பூச்சியம். இந்தக் கணக்குப் புத்தகத்தில் நான் இவ்வளவு சந்தோசமாக எழுதின எண் வேறு இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவுக சொன்னார்கள்: "அன்னைக்கு அண்ணன் முன்னால நான் வாயைத் திறந்திருக்கணும்."

"சோறு ஆறுது" என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

நட்சத்திரம் கட்டியாயிற்று. ஐந்து முனை, சிவப்புக் கடதாசி. கேழ்வரகு விரல் உயரம், சரியாக.

டிசம்பர் 23, செவ்வாய்

பெரியத்தான், ஸ்டெல்லா அக்கா, மூன்று பையன்கள். கார் வாசலில் நின்றதும் பெரியத்தான் முதலில் கூரையைத்தான் பார்த்தார். உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார், சட்டி ஒன்றும் இல்லை. "பரவால்லையே சிந்தா" என்றார்.

அப்போது மதலேன் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் பச்சை நிறம் போகவில்லை.

"இது என்னம்மா நெத்தியில?"

"பெஞ்சுல இடிச்சுக்கிட்டேன் பெரியண்ணே."

பெரியத்தான் செம்பை வாங்கவில்லை. "பாத்தியா இஞ்ஞாசி? நான் பயந்தது இதுக்குத்தான். ஓட்டை நீ மாத்திட்டே. இதுக்கு என்ன சொல்லுதே?"

"பெஞ்சை இடம் மாத்தினது நான்" என்றேன்.

"இன்னைக்குப் பெஞ்சு. நாளைக்குக் கிணறு. நீ ஒரு நாளு காய்ச்சல்ல படுத்தா, இவ தனியா இந்த வீட்டுல என்ன செய்வா?"

மதலேன் இன்னும் செம்பை நீட்டிக்கொண்டே நின்றாள்.

ராத்திரி நல்ல மழை. சொட்டு: பூச்சியம். ஆனால் இப்போது கேள்வி சொட்டு இல்லை என்று எனக்குத் தெரிகிறது.

டிசம்பர் 24, புதன்

முறுக்கு, முந்திரிக்கொத்து முடிந்தது. பையன்கள் குடிலுக்குப் பஞ்சு ஒட்டினார்கள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது மதலேன் சொன்னாள்: "பெரியண்ணே, நான் இன்னைக்கு ராத்திரிப் பூசைக்கு மைனி கூடப் போயிட்டு வந்துருதேன். நாளைக்குக் காலம்பற எட்டு மணிப் பூசைக்கு எல்லாரும் போங்க. ஒருத்தரு விடாம. மைனியும். நீங்க திரும்பி வரும்போது எட்டு இலை போட்டு இட்லியும் கறியும் தயாரா இருக்கும்."

"தனியாவா?" என்றார்கள் ஸ்டெல்லா அக்கா.

"சேசு பாலன் இருக்காருல்லா குடில்ல. அவரையும் வேணும்னா கூட்டிட்டுப் போங்க."

பெரிய பையன் சிரித்துப் புரையேறினான்.

"விளையாட்டுப் பேச்சு வேண்டாம்" என்றார் பெரியத்தான்.

அப்போது அவுக கையைக் கழுவிவிட்டு வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தார்கள். "அண்ணே, அவ விளையாடல. இந்த வீட்டை அவளுக்குத் தெரியுத மாதிரி எனக்குக்கூடத் தெரியாது. நாளைக்குப் பாத்துட்டுப் பேசுங்க. பாக்காம பேசுனா நான் இனிமே கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்."

பெரியத்தான் தம்பியைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம் கூடுதல். "சரி" என்றார்.

டிசம்பர் 25, வியாழன். கிறிஸ்து பிறப்புத் திருநாள்

இன்றைக்கு இரண்டு பூசை கண்டேன். இரண்டாவது பூசையை ஆண்டவர் கணக்கில் சேர்க்க மாட்டார். உடம்பு கோயிலில் இருந்தது, மனசு அடுப்படியில் இருந்தது. இட்லிப் பானையில் தண்ணீர் வற்றிவிட்டால்? கறிச்சட்டியை இறக்கும்போது துணி வழுக்கினால்? எட்டேமுக்காலுக்கு மழை பிடித்தது. முற்றத்தில் விறகு காய்கிறது, கொடியில் பையன்கள் சட்டை கிடக்கிறது, மேற்குச் சன்னல் இரண்டும் திறந்து கிடக்கிறது. எழுந்து ஓடலாம் என்று முழங்கால் வரை வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தாயிற்று. உட்கார்ந்தேன்.

பிரசங்கத்தின்போது திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பக்கத்தில் பெரியத்தானைக் காணவில்லை.

பத்தேகாலுக்கு நாங்கள் ஆறு பேரும் நனைந்துகொண்டே வந்தோம். விறகு தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தது. கொடி காலி. சன்னல் சாத்தியிருந்தது. கூடத்தில் எட்டு இலை, ஒரே நேர் வரிசை, தண்ணீர் தெளித்துத் துடைத்து. கறி மணம் தெரு வரைக்கும் வந்தது.

அடுப்படியில் பெரியத்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். வங்கி மேலாளர். புதுவேட்டி முட்டி வரை நனைந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என்னங்க இது?" என்றார்கள் ஸ்டெல்லா அக்கா.

"மத்தியானத்துக்குப் பிரியாணிக்கு ஒரு படி உள்ளி வேணுமாம்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சும்மாதான இருக்கிய, உரிங்கன்னா."

பிற்பாடு கிணற்றடியில் எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். பிரசங்கம் ஆரம்பித்ததும் நழுவி வந்து, கேட்டுக்கு வெளியே குடையோடு நின்று பார்த்திருக்கிறார். தங்கச்சி விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கலாம் என்று. மழை பிடித்ததும் அவள் வெளியே வந்து முதலில் துணி, அடுத்து விறகு, இரண்டு நடை, அடுத்துச் சன்னல். ஒரு தடவைகூடத் தடவவில்லை. கடைசியாகத் தாழ்வாரத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறாள். பிறகு கேட்டைப் பார்த்துச் சத்தமாக: "பெரியண்ணே, குடையில மழை விழுத சத்தம் அரை மணி நேரமா கேக்கு. உள்ள வாங்க. இட்லி பஞ்சு மாதிரி இருக்கு."

உள்ளே போனதும் அவர் தலையைத் தொட்டுப் பார்த்தாளாம். "ஈரமா இருக்கே. இது வெளிய நின்னு வாங்குனது. வீட்டுக் கணக்குல சேராது, சொல்லிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுப் பெரியத்தான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இஞ்ஞாசி, அந்த இல்லத்துல கையைப் பிடிச்சு நடத்துவாகன்னு சொன்னேன்லா. இவ கையைப் பிடிச்சா, பிடிச்சவன்தாம்ல விழுவான்."

இட்லி மொத்தம் 54. மிச்சம் இல்லை. அல்லேலூயா.

டிசம்பர் 27, சனி

இன்று காலை கிளம்பினார்கள். போவதற்கு முன் பெரியத்தான் மதலேனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, எல்லாரும் கேட்கச் சொன்னார்: "நீ இருக்க வரைக்கும் இந்த வீட்டை விக்கது இல்ல. உன் மூணுல ஒரு பங்கு உன் பேருலயே இருக்கும். நான் பத்திரத்துல எழுதித் தாரேன். சிந்தா, நீ எழுதி வை. நீ எழுதி வச்சா நான் மறக்க முடியாதுல்லா."

ஸ்டெல்லா அக்கா கார் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் பேசுனது சரியில்ல சிந்தா" என்றார்கள். எதைப் பேசினது என்று நான் கேட்கவில்லை. முந்திரிக்கொத்து ஒரு டப்பா கூடுதலாகக் கொடுத்தேன்.

மூன்று பேரும் கார் திரும்பும்வரை வாசலில் நின்றோம். மதலேன்தான் முதலில், "போயாச்சு. வாங்க, காபி போடுதேன்" என்றாள்.

ஜனவரி 6, செவ்வாய். மூன்று ராசாக்கள் திருநாள்

குடிலைப் பிரித்தேன். கேழ்வரகுப் புல்லை எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். சுரூபங்கள் பதினொன்றையும் துடைத்துப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து கடிதம் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

பெரியத்தானுக்கு இன்று அனுப்பின கடிதத்தின் நகல்:

"அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, சிந்தாத்திரை எழுதுவது. ஆண்டவர் கிருபையால் மூவரும் சுகம். அக்கா, பையன்கள் சுகத்துக்கு எழுதவும்.

நீங்கள் சொன்னபடி வள்ளியூர் பத்திர எழுத்தரிடம் போய்ப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் வடக்கு எல்லையைத் தெற்கு என்று எழுதியிருந்தார். நான் அவரிடம் சொல்லித் திருத்த வைத்தேன். உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டாயிற்று. மதலேனுக்குப் பெருவிரல் வைக்க மையை எடுத்தார் எழுத்தர். 'எனக்கு ஒம்பதாங் கிளாசு வரைக்கும் படிப்பு இருக்கு, பேனாவைத் தாங்க' என்று வாங்கி முழுப் பெயரையும் எழுதினாள். கோடு கொஞ்சம் மேலே ஏறிப் போகிறது, ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் தெளிவு. உங்கள் தம்பி எழுத்தைவிட நன்றாக இருப்பதாக எழுத்தரே சொன்னார். இவுகளுக்கு அதில் வருத்தம்.

பதிவுக்கு நீங்கள் நேரில் வர வேண்டும். புதன், வெள்ளியில் கூட்டம் இல்லை. முந்தின நாளே வந்து தங்குங்கள், நடு அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். மதலேன் சாமான் அறைக்கும் வெள்ளை அடிக்கச் சொல்லி ஒரே பிடியாக இருக்கிறாள். அவள் பங்கில் அந்த அறை வருகிறதாம், இப்போதே அதிகாரம் ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு முதல் கை அடித்தேன்.

எந்தத் தேதி வருகிறீர்கள் என்று தெரிந்தால் அலுவலகத்தில் சொல்லி வைக்கலாம். பதிலை இந்த வாரத்துக்குள் எழுதிவிடுங்கள்."